கசிவு நின்ற ஆறு: பாலாற்றின் கிளையொன்றில் அணைக்கட்டுக்குக் கீழே தண்ணீர் கேட்ட ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இந்த ஆற்றில் மழைக்காலத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பவை கவுண்டன்ய நதி, மலட்டாறு, பொன்னை, செய்யாறு போன்ற கிளைகள்தாம். அப்படியொரு கிளையாற்றில், பழைய வடஆர்க்காடு மாவட்ட எல்லைக்குள் நடந்தது இது. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. கீழ்ப்பக்கத்து ஊராட்சிக்கும் அங்கே மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்கும் சட்ட உதவி செய்த வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஆற்றின் குறுக்கே வெள்ளைக்காரர் காலத்துச் சிறு அணைக்கட்டு ஒன்று இருக்கிறது. இடக்கரையில் தலைமதகு. அதிலிருந்து புறப்படும் கால்வாய் ஒன்றன்பின் ஒன்றாகச் சில ஏரிகளை நிரப்புகிறது. மேல் ஏரி கோடி போனால், அதாவது நிறைந்து வழிந்தால், அடுத்த ஏரிக்கு வரத்து. அணைக்கட்டின் ஓரத்தில் மணற்போக்கி. தலைமதகின் வாயில் மணல் சேராமல் வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போகத் திறப்பதற்காக வைத்த மதகு அது. பல ஆண்டுகளாக அதில் மரப்பலகைதான். பலகை உளுத்து, இடுக்கில் எப்போதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது அந்தக் கால்வாய்ப் பாசனத்து விவசாயிகள், வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ரெண்டு நாளில் மறுபடி கசியும்.

அணைக்கட்டுக்குக் கீழே சில கிலோமீட்டர் தூரத்தில் ஆறு பாலாற்றில் கலக்கிறது. இடையில் ஒரு ஊராட்சியின் ஆற்றுப்படுகைக் குடிநீர்க் கிணறு, படுகை ஊற்றுநீரை எடுத்துப்போகும் பழைய ஊற்றுக்கால்வாய் ஒன்று, ஐந்தாறு ஆழமான மடுக்கள். கரையோரம் இருளர் குடியிருப்பு. மடுக்களில் கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை பிடித்து விற்பது அவர்களுக்கு ஆண்டில் பாதி நாள் பிழைப்பு. மற்ற நாட்களில் ஆயக்கட்டு நிலங்களிலேயே கூலி வேலை.

ஒரு கோடையில் அணைக்கட்டு புதுப்பிக்கப்பட்டது. பலகையை எடுத்துவிட்டு, ஓரங்களில் ரப்பர் பட்டை வைத்த இரும்பு ஷட்டர் பொருத்தினார்கள். வேலை நேர்த்தியாக நடந்தது. எஸ்டிமேட்டில் எழுதியபடியே கசிவு முழுக்க நின்றது.

என்ன கண்டோம்

அந்த ஆண்டு மழைக்குக் குறைவில்லை. ஐப்பசியில் வெள்ளம் வந்து அணைக்கட்டின் மேல் வழிந்தது. மதகுகளை இயக்கும் ஊழியரான லஸ்கர் ஷட்டரைத் தொடக்கம் முதலே இறக்கி வைத்திருந்தார். கார்த்திகைக் கடைசியில் வழிவது நின்றது. அதன்பின் வந்த தண்ணீர் மொத்தமும் கால்வாய்க்குப் போனது. முன்பெல்லாம் மாசி வரை காலளவாவது ஓடிய ஆறு, பொங்கலுக்கு முன்பே அணைக்கட்டின் கீழ்த்தளத்திலிருந்து வெறும் மணலாகிவிட்டது. மேலே ஏரிகள் நிறைந்து கிடந்தன.

தை மாதத்தில் ஊராட்சித் தலைவர் அழைத்து நாங்கள் போனபோது குடிநீர்க் கிணற்றில் மோட்டார் அரைமணி நேரம் ஓடினாலே காற்று இழுத்தது. மடுக்கள் ஒன்றோடொன்று தொடர்பறுந்து குட்டைகளாகியிருந்தன. ஊர்க் கழிவுநீர் வந்து விழும் மடு பாசிப்பச்சையாக, புளித்த வாடையோடு இருந்தது. ஓரத்தில் ஜிலேபியும் கெண்டையும் வயிறு வெளுத்து மிதந்தன. விராலும் குறவையும் மட்டும் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடி கீழே போயின. காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் அவை. மற்றவற்றுக்கு அந்த வசதி இல்லை.

உடன்வந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் அடுத்த நாள் விடியலில் அந்த மடுவின் கரைந்த ஆக்சிஜனை அளந்தார். மீன்வளத்துக்கு ஏற்ற நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. இங்கே அதில் பாதிகூட இல்லை. விடியலில் அளப்பதற்குக் காரணம் உண்டு. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும், இரவு முழுக்க அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆக, மீன் சாகும் நேரம் விடியல். மதியம் அளந்து "சரியாக இருக்கிறது" என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

குடியிருப்பின் மூத்த அம்மா ஒருவர் எங்களைக் காய்ந்த மடு ஒன்றுக்கு அழைத்துப்போனார். உட்கார்ந்து கையால் மணலை ஒரு முழம் தோண்டினார். அடியில் ஈரம். அதற்குள் விரல் நீள அயிரை இரண்டு நெளிந்தன. "ஈரம் இருக்கற வரிக்கும் இதுங்க தாங்கும் சார். மேல தண்ணி ஓடறது ஒங்க கண்ணுக்குத் தெரியுது. கீழ ஓடறது இதுங்களுக்குத்தான் தெரியும்" என்றார். கசிவின் அளவு சின்னது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, படுகைக்குள் ஈரத்தை வைத்திருந்ததும் அந்தக் கசிவுதான் என்பது அங்கே விளங்கியது.

இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். புதுவெள்ளம் வரும்போது கெண்டை பாலாற்றிலிருந்து எதிரேறி வரும். முன்பு வெள்ளத்தில் பலகை பிய்த்துக்கொண்டு போய்விடும். மீன் அந்த வழியாக மேலேறிவிடும். இந்த முறை ஷட்டர் மூடியே இருந்ததால் மீன் கீழ்த்தளத்தில் துள்ளித் துள்ளி விழுந்து, கூடை வைத்து அள்ளுவோர் கையில் போயிற்று. மேட்டூர் அணை 1934-இல் எழும்பிய பிறகு காவிரியில் உல்லம் மீன் எதிரேறுவது அற்றுப்போன பெரிய கதையின் சின்ன வடிவம்தான் இது.

யாருக்கு என்ன உரிமை

மனு எழுத உட்காரும்போது முதலில் வந்த கேள்வி, ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்பதுதான்.

1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில், இயற்கை ஓடை தன் நிலத்தின் வழியே அளவோ திசையோ வேகமோ வெப்பநிலையோ பெரிதாக மாறாமல் ஓடிவரக் கரைநிலத்துக்காரருக்கு உள்ள உரிமை உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. படிக்க இனிக்கும் வரி. ஆனால் அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு, ஆற்றுநீரைத் தேக்கவும் பகிரவும் அரசுக்குள்ள உரிமையை இச்சட்டம் தொடாது என்கிறது. அணைக்கட்டு அரசுடையது. தனியார் ஒருவர் தடுத்திருந்தால் முதல் வரி போதும், இங்கே போதாது.

இந்த மாவட்டத்துக்குச் சுற்றுச்சூழல் சட்டத்தில் தனி இடம் உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், 1996 ஆகஸ்ட் 28 அன்று, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 2025 ஜனவரி 30 அன்றும் அதே பாலாற்று மாசு தொடர்பாக, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லி இன்னொரு தீர்ப்பு வந்தது. இவை தண்ணீரின் தரத்தைப் பற்றிய தீர்ப்புகள். எங்கள் பிரச்சினை தண்ணீரின் அளவு. கழிவு விழும் மடுவில் நல்ல தண்ணீர் கலக்காவிட்டால் தரமும் போகிறது என்பதால் இரண்டையும் இணைத்து வாதாட இடமிருந்தது. அதற்குமேல் அவற்றை இழுப்பது நேர்மையாகாது.

அளவு பற்றிய விதிகளைத் தேடினால், 2018 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச நீரோட்ட அறிவிக்கை கங்கைக்கு மட்டும்; அதுவும் உன்னாவ் வரைக்கும்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாட்டின் எல்லா ஆறுகளிலும் வறட்சிக்கால சராசரி ஓட்டத்தில் 15 முதல் 20 விழுக்காட்டை விட வேண்டும் என்றது. வற்றாத ஆறுகளுக்கு அது பயன்படும். நம் கிளையாற்றில் வறட்சிக்கால ஓட்டமே இல்லை. ஒன்றுமில்லாததில் 15 விழுக்காடு கேட்டு வாங்கி என்ன செய்வது? பருவகால ஆறுகள் நிறைந்த தமிழ்நாட்டில் இந்தச் சூத்திரத்தை அப்படியே ஒப்பித்துக் கேட்கும் மனுக்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

கைகொடுத்தது காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு. 740 டி.எம்.சி.யைப் பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சி.யையும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கென 4 டி.எம்.சி.யையும் நடுவர் மன்றம் தனித்தனியே கணக்கில் எழுதியது. எங்கள் ஆற்றுக்கு அது கட்டுப்பாடு ஆகாது. ஆனாலும் பங்கீட்டுக் கணக்கில் ஆற்றுக்கு ஒரு வரி எழுதலாம் என்பதற்கு நம் மாநிலம் தரப்பாக இருந்த வழக்கிலேயே சான்று கிடைத்தது. எங்கள் கிளையாற்றிலோ ஆயக்கட்டின் பங்கு மாமூல்நாமாவில் (பாசன வழக்கங்களைப் பதிந்துவைத்த ஆவணம்) இருந்தது, ஊராட்சியின் குடிநீர் பதிவேட்டில் இருந்தது, ஆற்றின் பங்கு எந்தத் தாளிலும் இல்லை. இத்தனை காலம் பலகையின் இடுக்கு அதைக் கொடுத்துவந்தது. கணக்கில் வராத பங்கு என்பதால், பழுதுபார்த்தவர்களுக்கு அது வெறும் விரயமாகத் தெரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தீர்ப்பாயத்துக்கு உடனே போவதில்லை என்பது. பசுமைத் தீர்ப்பாயம் தன் சட்டத்தின் அட்டவணையில் உள்ள சட்டங்கள் தொடர்பான பிரச்சினைகளைத்தான் விசாரிக்கும். பாசன மதகை எப்போது திறப்பது என்பது அதற்குள் வராது என்ற ஆட்சேபம் முதல் நாளே எழும். அதைவிடக் கனமான காரணம் ஒன்று இருந்தது. வழக்கு என்று வந்தால் இருளர் குடும்பங்கள் ஒருபக்கம், அவர்களுக்கு வேலை கொடுக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் மறுபக்கம். தீர்ப்பு வருவதற்குள் நடவு வேலைக்கு ஆள் கூப்பிடுவது நின்றுவிடும். அதே சமயம், தீர்ப்பாயத்தை அணுகுவதற்கான ஆறு மாதக் காலவரம்பு கைநழுவிப் போகாதபடி ஆவணங்களைத் தயாராக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, மனுவில் எதை முன்வைப்பது. குடிநீரை மட்டும் எழுதினால் எளிதில் கேட்பார்கள், மீனைச் சேர்த்தால் சிரிப்பார்கள் என்றனர் ஊராட்சித் தரப்பில் பலர். அந்த மூத்த அம்மா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார்: "மீனு பேரு இல்லாத மனுவுல நான் கை வெக்க மாட்டேன்." அவர் சொன்னதே சட்டப்படியும் சரி என்று பட்டது. வேலூர் வட்டாரத்துக்குக் காவிரிக் கூட்டுக்குடிநீர் வந்துகொண்டிருக்கிறது. நாளை அந்த ஊராட்சிக்கும் குழாய் வந்துவிட்டால், குடிநீரை மட்டும் காரணம் காட்டி வாங்கிய தண்ணீரை அன்றே நிறுத்திவிடலாம். மீனையும் ஊற்றுக்கால்வாயையும் படுகை ஈரத்தையும் தனித்தனிக் காரணங்களாக எழுதினோம்.

மூன்றாவது, எவ்வளவு கேட்பது. விழுக்காடும் கனஅடியும் கேட்கவில்லை. கீழே அளவுகோலே கிடையாது, அளக்க முடியாததைக் கேட்டால் கொடுத்ததா இல்லையா என்பதே சண்டையாகும். ஷட்டரை எப்படி இயக்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். புதுவெள்ளம் வந்தால் முதல் இரண்டு நாள் மணற்போக்கி முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின், அணைக்கட்டுக்கு வரத்து இருக்கும்வரை ஷட்டர் நாலு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். கடைசி ஏரியும் கோடி போய்விட்டால் தலைமதகை இறக்கி, வருவதையெல்லாம் ஆற்றிலேயே விட வேண்டும். வரத்து நின்றுவிட்டால் எதுவும் கேட்பதில்லை.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, கூட்டுப் புலத்தணிக்கைக்கு உத்தரவு வாங்கினோம். மாசியில் அணைக்கட்டின் மேலேயே எல்லாரும் கூடினார்கள். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தினர் கோபமாகத்தான் வந்தார்கள். "எங்க பாட்டன் காலத்துலருந்து இந்தத் தண்ணி ஏரிக்கு. கடலுக்குப் போறதுக்கா இரும்புல ஷட்டர் போட்டது?" என்றார் சங்கச் செயலாளர். அவர் கவலையில் நியாயம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் கடைசி ஏரி நிறைகிறது.

பேச்சைத் திருப்பியவர் அதே சங்கத்தின் மூத்த விவசாயி. "மேல ஆந்திராக்காரன் தடுப்பணைய ஒசத்திட்டான்னு நாம எத்தினி வாட்டி ரோட்ல உக்காந்தோம்? 1892 ஒப்பந்தம்னு பேசனோம். கீழ கீறவன் இப்ப நம்மளப் பாத்து அதையே கேக்கறான். இன்னா பதில் சொல்றது?" என்றார். சென்னை மாகாணமும் மைசூரும் 1892-இல் செய்த ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. ஆந்திரத்துத் தடுப்பணைகளை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்திருக்கிறது. அந்த வழக்கின் செய்தியைப் பேப்பரில் விடாமல் படித்துவருகிறவர் அவர். செயலாளர், "அது பெரிய அணை பெரியப்பா, இது வேற" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் பொறியாளர். "ஆத்துக்குன்னு தண்ணி ஒதுக்க அரசாணை இல்லாம எனக்கு அதிகாரம் இல்லீங்க. ஆனா மணற்போக்கியை எப்பத் திறக்கணும்னு சொல்ற அதிகாரம் இருக்கு" என்றார். பிறகு எல்லாரையும் தலைமதகுப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். புது ஷட்டர் வந்த ஒரே பருவத்தில் மதகின் வாயை இடுப்பளவு மணல் அடைத்திருந்தது. வெள்ளத்தில் மணற்போக்கியைத் திறக்காததன் விளைவு. மீன் ஏறுவதற்காக நாங்கள் கேட்ட முதல் இரண்டு நாள் திறப்பு, ஆயக்கட்டுக்காரர்களின் கால்வாயைக் காப்பாற்றவும் வேண்டியதாயிருந்தது. அதற்குச் சங்கம் உடனே ஒப்புக்கொண்டது. நாலு விரல் மூன்று விரலானது. அதோடு முடித்துக்கொண்டோம்.

பிறகு நடந்தது

ஆனியில் செயற்பொறியாளரின் எழுத்துமூல அறிவுரை வந்தது. அணைக்கட்டின் இயக்கப் பதிவேட்டில் அது ஒட்டப்பட்டது. அரசாணையின் பலம் அதற்குக் கிடையாது என்பதை இரு தரப்பிடமும் சொல்லியே வாங்கினோம்.

முதல் பருவத்தில் மூன்று விரல் இடைவெளியை இரவில் யாரோ இறக்கிவிட்டார்கள். லஸ்கர் காலையில் தூக்குவார், ராத்திரி இறங்கிவிடும். புகார் கொடுத்துப் பலனில்லை. ஷட்டர் அதற்குமேல் இறங்காதபடி அதன் சட்டகத்தில் ஓர் இரும்புக் கட்டையைப் பற்றவைக்கச் சொன்னோம். ஒருமுறை அதையும் அறுத்துவிட்டார்கள். இரண்டாம் முறை பற்றவைத்தபோது சங்கச் செயலாளரே நின்று பார்த்தார். அதன்பின் யாரும் தொடவில்லை.

அந்த ஆண்டு ஆறு மாசி நடுப்பகுதி வரை ஓடியது. குடிநீர்க் கிணற்றில் மோட்டார் தடையில்லாமல் ஓடியது. கழிவு விழும் மடுவில் தை மாத விடியலில் எடுத்த அளவு 4-ஐத் தாண்டியிருந்தது. ஓட்டம் நின்றபின் பங்குனியில் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. கழிவுநீரை நிறுத்தாமல் இதைவிட நல்ல அளவு கிடைக்காது. புதுவெள்ளத்தில் கெண்டை மணற்போக்கி வழியாக ஏறியதை இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் சந்தைக்குக் கொண்டுபோன கூடையில் பல மாதத்துக்குப் பிறகு அயிரை இருந்தது.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. கார்த்திகையிலேயே வரத்து நின்றதால் அறிவுரைப்படி கீழே விடுவதற்கு ஒன்றுமில்லை. ஆழமான மூன்று மடுக்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. அதில் ஒன்றில் வெளியூர்க்காரர்கள் இரவில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, இருந்த மீனையெல்லாம் அள்ளிப்போனார்கள். நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. காவல் நிலையத்தில் புகாரைப் பதிவுசெய்ய வைப்பதற்குள் மடு வற்றிவிட்டது. நல்ல ஆண்டில் ஓடவிட்டுக் காப்பாற்றிய மீன்வித்து, கெட்ட ஆண்டில் அந்த மடுக்களில்தான் ஒதுங்கிப் பிழைக்க வேண்டும். மடுவுக்குக் காவல் இல்லாமல் ஷட்டரை மட்டும் தூக்கிவைத்து மீனைக் காப்பாற்ற முடியாது.

மாற்ற வேண்டியவை

இதேபோன்ற பிரச்சினை இன்னோர் ஊரில் வந்தால், ஷட்டர் பொருத்தும் முன்பே தொடங்க வேண்டும். அணைக்கட்டு, தடுப்பணை எதைப் புதுப்பித்தாலும் எஸ்டிமேட் போடும்போதே, இப்போது கசிவது எங்கே போகிறது, அதை நம்பி யார், எந்த உயிர் இருக்கிறது என்று கீழே நடந்துபார்த்து எழுதுவது கட்டாயமாக வேண்டும். ஷட்டர் சட்டகத்தில் ஒரு கட்டையை முதலிலேயே வைக்க ஆகும் செலவு அற்பம். பின்னால் வைக்க ஒரு பருவத்து மீனும் ஊர் ஒற்றுமையும் பணயமாகின்றன.

அதிகாரி மாறினால் அறிவுரையும் போகும். ஆகவே மாநில அளவில், பருவகால ஆறுகளுக்கென்று, வரத்தோடு இணைத்த இயக்க விதி வேண்டும். வறட்சிக்கால விழுக்காட்டை நம் ஆறுகளுக்கு அப்படியே சுமத்துவதால் பயன் இல்லை. ஆழமான மடுக்களை வருவாய்த்துறைப் பதிவில் அடையாளம் குறித்து, கோடையில் அங்கே மீன்பிடிப்பதையும் மணல் எடுப்பதையும் நிறுத்த ஊராட்சித் தீர்மானமும் ஆட்சியரின் ஆணையும் சேர்த்து வாங்க வேண்டும். காவலை அந்த மடுக்களை அறிந்த குடும்பங்களுக்கே கூலியோடு கொடுக்க வேண்டும். எங்கள் ஊராட்சி தீர்மானம் போட்டுவிட்டது. ஆட்சியர் ஆணைக்கான மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது.

அதே கிளையாற்றில் மேலே இன்னோர் அணைக்கட்டுக்குப் பலகையை மாற்றி இரும்பு ஷட்டர் போட எஸ்டிமேட் தயாராகிறது. மணற்போக்கியில் மூன்று விரல் கட்டையையும், புதுவெள்ளத்தில் இரண்டு நாள் திறப்பையும் அதிலேயே சேர்க்கச் சொல்லிப் புது மனு கொடுத்திருக்கிறோம். இந்த முறை அதில் இரண்டு ஊராட்சிகளோடு, முதலில் எதிர்த்த சங்கத்தின் செயலாளரும் கையெழுத்திட்டிருக்கிறார்.